சினிமாவை யார் செய்தது?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த விழாவிற்கு நம்மைக் கூப்பிட்ட தோழர்கள், "சினிமாவைப் பற்றிப் பேச வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். நம் கூட்டத்தார் சினிமாவைப் பற்றிப் பேசுவதென்றால் அதைத் திட்டித் தீர்க்கத்தான் வருவார்கள் என்று ஜனங்கள் எதிர்பார்ப்பது வழக்கம். திட்டுவதற்கு அதில் எவ்வளவோ இருக்கின்றது என்பதும் வாஸ்தவந்தான். ஆனால் ஒரு வஸ்துவைத் திட்டுவதானாலும் புகழுவதானாலும், அது எப்படி உண்டாயிற்று, யார் கையால் உண்டாயிற்று, யார் பணம் போட்டார்கள், யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பவைகளைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்கின்றோம். நம்மில் பெரும்பாலோர் வாரம் தவறாமல் படம் பார்க்கின்றோம். பார்த்துவிட்டு வந்து கதாநாயகன் வீட்டுக் கல்யாணம் முதற்கொண்டு பேசுகின்றோம். ஆனால் படம் என்னும் சாமான் எதனால் செய்யப்பட்டது என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விழிக்கின்றோம். நாமும் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இம்மாதிரி வாசகசாலைகளில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகின்றோம்.

முதலில் அந்தச் சாமானையே எடுத்துக்கொள்ளுவோம். இன்று எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. சுருளும் இல்லை, ரீல் பெட்டியும் இல்லை. ஆனால் ஏறக்குறைய நூறு வருஷ காலம் சினிமா என்பது படச்சுருள்தான். பஞ்சை நைட்ரிக் திராவகத்தில் ஊறவைத்து, அதோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பதப்படுத்தினால் செல்லுலாய்டு என்னும் தகடு கிடைக்கும். அந்தத் தகட்டின்மேல் ஜெலட்டின் என்னும் பசையில் வெள்ளி உப்பைக் கலந்து பூசுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளி கறுக்கும், அதுதான் படம். இந்த ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? மாட்டு எலும்பையும் மாட்டுத் தோலையும் காய்ச்சி எடுப்பது! ஆகவே, தோழர்களே, இந்த நாட்டில் எடுக்கப்பட்ட அத்தனை பக்திப் படங்களும், கோமாதாவின் மகிமையைச் சொன்ன படங்கள் உள்பட, மாட்டு எலும்புப் பசையின்மேல்தான் பதிவாகியிருக்கின்றன. எந்த ஆசாரக்காரரும் இதற்கு ஆக்ஷேபணை சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை. 1931-ல் தமிழின் முதல் பேசும் படமாகிய "காளிதாஸ்" சுருள்கள் பம்பாயிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்தபோது, அந்தப் பெட்டிகளுக்குப் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கொட்டகைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம். பெட்டிக்குள்ளே இருந்த சுருளிலும் கற்பூரம். வெளியே காட்டியதும் கற்பூரம். உள்ளே இருந்த கற்பூரம் படம் காட்டிற்று. வெளியே காட்டிய கற்பூரம் புகையாய்ப் போயிற்று.

நிற்க. சினிமா எந்த ரிஷியின் ஞான திருஷ்டியிலும் தோன்றவில்லை. பிரான்சு தேசத்தில் லூமியேர் என்ற சகோதரர்கள், போட்டோத் தகடு செய்யும் தொழிற்சாலைக்காரர்கள், 1895 டிசம்பர் 28-ந் தேதி பாரிசில் பணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஏழு மாதத்திற்குள், அதாவது 1896 ஜூலை 7-ந் தேதி, அவர்களுடைய ஆட்கள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் காட்டிவிட்டார்கள். டிக்கெட் ஒரு ரூபாய். அந்தக் காலத்து ஒரு ரூபாய் என்றால் கூலிக்காரனுக்குப் பல நாள் கூலி என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். பிறகு நாடகக் கொட்டகையில் நாலணா டிக்கெட் வைத்தபோதுதான் சாதாரண ஜனங்கள் உள்ளே போக முடிந்தது.

நம் பக்கத்திற்கு இதைக் கொண்டுவந்தவர்கள் யார் என்றால், மிட்டாமிராசுகளும் அல்ல, மடாதிபதிகளும் அல்ல. திருச்சி ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். லாகூர், பெஷாவர், ரங்கூன் வரைக்கும் போனதாகச் சொல்லுகிறார்கள். பிறகு கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். சென்னையில் மோட்டார் வியாபாரத்தில் இருந்த ஆர்.நடராஜ முதலியார், ஒரு வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளரிடம் கொஞ்சம் தொழில் கற்றுக்கொண்டு, 1917 வாக்கில் கீழ்ப்பாக்கத்தில் "கீசக வதம்" எடுத்தார். பிற்பாடு நெருப்பு விபத்தில் எல்லாம் போய்த் தொழிலையே விட்டார். அவர் எடுத்த படம் ஒன்றுகூட இன்று இல்லை.

பட்டாணிச் செடியும் அரிச்சந்திரனும்

இந்தியாவில் முழு நீளக் கதைப்படத்தை நிலைநாட்டியவர் என்று பால்கே அவர்களைச் சொல்லுகின்றோம். 1870-ல் நாசிக்குக்குப் பக்கத்தில் திரியம்பகத்தில் பிறந்தவர். ஓவியப் பள்ளியில் படித்தவர்; போட்டோ எடுத்தவர்; அச்சுத் தொழில் செய்தவர். பம்பாயில் ஏசு கிறிஸ்துவின் கதையைப் படமாகப் பார்த்துவிட்டு, "நம்முடைய கிருஷ்ணனையும் ராமனையும் இப்படிக் காட்டினால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியதாம். 1912-ல் லண்டனுக்குப் போய்க் காமிராவும் மற்றச் சாமான்களும் வாங்கி வந்தார்.

வந்தவுடன் அவர் எதைப் படம் எடுத்தார் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஒரு தொட்டியில் பட்டாணி விதையைப் போட்டு, அது முளைத்துச் செடியாகும் வரை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். ஒரு மாதத்துக்கு மேல் நடந்த காரியத்தைக் கண் எதிரே ஒரு நிமிஷத்தில் நடப்பதாகக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வந்தது. விதை முளைப்பதை மனிதக் கண் பார்க்க முடியாது. அந்தக் கருவி பார்த்துக் காட்டிற்று. நம்மைக் கேட்டால் இந்தியச் சினிமாவின் மிகப் பெரிய அற்புதம் அந்தப் பட்டாணிச் செடிதான் என்போம். அதை அடமானத்திற்குச் சாட்சியாக வைத்துப் பணம் வாங்கி, அரிச்சந்திரனை எடுத்தார்! எதிரே இருந்த ஜனங்களுக்குத் தெரிந்த கதை புராணந்தான்; அதைக் காட்டினால்தான் காசு விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் அதை நம்பினவர்தான். ஆதலால் இதில் அவரை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை.

"ராஜா அரிச்சந்திரா" 1913 மே 3-ந் தேதி பம்பாய் கிர்காமில் காரனேஷன் கொட்டகையில் பொதுஜனங்களுக்குக் காட்டப்பட்டது. நீளம் 3,700 அடி. இதை யார் செய்தது? பால்கே என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அவருடைய மனைவியார் சரஸ்வதிபாய் அவர்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அது மாத்திரமல்ல, ராத்திரியில் இருட்டறையில் உட்கார்ந்து சுருளின் ஓரத்தில் துளை போட்டவர்கள் அந்தம்மாள். மருந்தில் கழுவினவர்கள் அந்தம்மாள். பகலில் வேலை செய்த அத்தனை ஆட்களுக்கும் சோறு வடித்துப் போட்டவர்களும் அந்தம்மாள்தான். மத்திய சர்க்கார் 1969 முதல் கொடுத்து வருகின்ற பெரிய சினிமாப் பரிசுக்குப் பால்கே பேர் வைத்திருக்கின்றார்கள், சரி. துளை போட்ட கைக்கு அந்தப் பரிசில் பேர் இல்லை.

பெண் வேஷத்துக்கு ஆள் கிடைத்த கதை இன்னும் வேடிக்கை. சந்திரமதியாக நடிக்க ஒரு பெண்ணும் வரவில்லை. தாசிகள் வீட்டில் போய்க் கேட்டும் வரவில்லை. கடைசியில் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்த சாலுங்கே என்ற பையனைப் பிடித்தார்கள். அங்கே பத்து ரூபாய் சம்பளம். பால்கே பதினைந்து ரூபாய் தருவதாகச் சொல்ல, அவன் வந்து சந்திரமதியானான். மற்றப் பெண் வேஷக்காரர்களோ, தகப்பன் உயிரோடிருக்கும்போது மீசையை எடுப்பது சாஸ்திர விரோதம் என்று மறுத்தார்கள் என்பார்கள். மீசையோடு கூடிய ராணிகளை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்! 1917-ல் "லங்கா தகனம்" எடுத்தபோது அதே சாலுங்கே ராமனாகவும் சீதையாகவும் இரண்டு வேஷத்திலும் நடித்தார். திரையில் ராமன் வந்தவுடன் ஜனங்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். கும்பிடப்பட்டவர் யார்? ஓட்டல் தொழிலாளி! 1975-ல் "ஜெய் சந்தோஷி மா" வந்தபோதும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போய்த் திரையை நோக்கிப் பூவும் காசும் வீசினார்கள். இன்று நம் ஊரிலேயே நடிகரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள். அறுபது வருஷம், நூறு வருஷம் என்று எண்ணிக்கை மாறுகிறதே தவிர, பால் ஊற்றுகிறவன் வீட்டுக் குழந்தைக்குப் பால் இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை.

பெண்கள் வரவே இல்லை என்றும் சொல்லுவதற்கில்லை. 1913-லேயே பால்கேயின் அடுத்த படத்தில் துர்காபாய் காமத் என்ற அம்மையாரும் அவருடைய மகள் கமலாபாயும் துணிந்து நடித்தார்கள். நம் திருவையாற்று டி.பி.ராஜலட்சுமி அம்மாளோ, பால்யத்தில் கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, அது முறிந்து, நாடகத்தில் சேர்ந்து, "காளிதாஸ்" கதாநாயகியாகி, 1936-ல் "மிஸ் கமலா" என்ற படத்தைத் தாமே எழுதித் தாமே எடுத்தார்கள். தென்னாட்டில் படம் இயக்கிய முதல் பெண்மணி அவர்கள்தான்.

ரோசி அம்மாள்

இனி நாம் சொல்லப் போவது தோழர்கள் மறக்கக்கூடாத விஷயம்.

மலையாளத்தில் முதல் படத்தை எடுத்தவர் ஜே.சி.டானியல். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த நாடார், பல் வைத்தியர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ வைத்து "விகதகுமாரன்" என்ற படத்தை எடுத்தார். 1930-ஐ ஒட்டிய காலம் அது. புராணக் கதை வேண்டாம் என்று சமூகக் கதையாகவே எடுத்தார் என்பது அவருடைய பெருமை. கதாநாயகி ஒரு நாயர் குடும்பத்துப் பெண். அந்த வேஷத்தில் நடித்தவர் பி.கே.ரோசி, புலையர் வகுப்பில் பிறந்தவர், புல்லறுத்து ஜீவனம் செய்துவந்தவர். அவ்வளவுதான் குற்றம்! படம் காட்டிய அன்று அந்தம்மாளுக்குக் கொட்டகையில் இடமில்லை. திரையில் அவர் தலையிலிருந்த பூவைக் கதாநாயகன் எடுத்து முகர்ந்தான் என்பதைக் கண்டவுடன் மேல்ஜாதிக் கனவான்கள் திரையின்மேல் கல்லெறிந்தார்கள். ரோசியின் குடிசையைக் கொளுத்தினார்கள். அந்தம்மாள் உயிருக்குத் தப்பி ஓடி, ஒரு லாரி டிரைவரை மணந்து, நாகர்கோயில் பக்கத்தில் ராஜம்மாள் என்ற பேரில், தாம் யார் என்பதையே மறைத்துக்கொண்டு வாழ்ந்து மறைந்தார்கள். படமும் அழிந்துபோயிற்று.

சாலுங்கே ராமனாக வந்தபோது அவன் ஓட்டல்காரன் என்று தெரிந்தும் விழுந்து கும்பிட்ட அதே நாட்டில்தான், ரோசி நாயர் பெண்ணாக வந்தபோது கல் விழுந்தது. கடவுள் வேஷம் யார் போட்டாலும் பொறுத்துக்கொள்ளுகிறார்கள். மேல்ஜாதி வேஷத்தைக் கீழே வைக்கப்பட்டவன் போட்டால் மாத்திரம் பொறுப்பதில்லை. அப்படியானால் இவர்களுக்குக் கடவுள் பெரிதா, ஜாதி பெரிதா என்பதை நீங்களே சொல்லுங்கள்! டானியலும் கடனாளியாகி, மறுபடியும் பல் பிடுங்கி ஜீவனம் செய்து, 1975-ல் இறந்தார். 1992-ல்தான் கேரள சர்க்கார் அவர் பேரால் ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஒரு பக்கம் பேசினவர்களாவோம். கொட்டகை என்ற இடம் நமக்கு ஒரு நன்மையும் செய்திருக்கின்றது. கோயிலில் ஒரு ஜாதிக்கு ஒரு எல்லை. கூத்திலும் சபாவிலும் யார் எங்கே நிற்பது என்பதற்குக் கட்டுப்பாடு. கொட்டகையிலோ காசுக்குத் தக்க இடம். தரை டிக்கெட் வாங்கினவன் தரையில். பெஞ்சுக்குக் கொடுத்தவன் பெஞ்சில். ஒரே கூரையின் கீழ் எல்லாத் தமிழரும் சேர்ந்து உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று இலங்கைப் பேராசிரியர் கா.சிவத்தம்பி 1981-ல் எழுதியிருக்கின்றார். காசு பிரித்தது என்று சொல்லலாம். ஆனால் காசு இன்று இல்லாவிட்டால் நாளை சம்பாதிக்கலாம், பிறப்பை எங்கே போய் மாற்றுவது? ஆகையால் அந்தத் தரை டிக்கெட்டை நாம் இலேசாக நினைப்பதில்லை.

நகையும் வட்டியும்

இனித் தொழில் விஷயம். 1927-28-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு விசாரித்தபோது, இங்கே ஓடிய படங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் அன்னிய நாட்டுப் படம். அதிலும் அமெரிக்காக்காரனுடையதே அதிகம். அவனை விரட்டியது எந்தச் சட்டமும் அல்ல, பாஷைதான். 1931 மார்ச் 14-ந் தேதி பம்பாயில் "ஆலம் ஆரா" பேசிற்று. அதே வருஷம் அக்டோபர் 31-ல் சென்னையில் "காளிதாஸ்" பேசிற்று. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னான். அதற்கும் ஜனங்கள் கூட்டங் கூட்டமாய்ப் போனார்கள். தன் பாஷை காதில் விழுந்தால் போதும் என்று இருந்தது. கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ், புனாவில் பிரபாத், பம்பாயில் பாம்பே டாக்கீஸ், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று மாதச் சம்பளம் கொடுக்கும் ஸ்டுடியோக்கள் எழுந்தன. நடிகனும் தச்சனும் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்த காலம் அது.

இரண்டாவது யுத்தம் அதைக் கெடுத்தது. சுருள் அன்னிய நாட்டிலிருந்து வரவேண்டும், கப்பல் இல்லை. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். (அந்த உத்தரவால் எத்தனை பாட்டுகள் குறைந்தன என்பதை நினைத்தால், யுத்தத்திலும் ஒரு நன்மை இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.) மறுபக்கம், யுத்தக் கொள்ளையில் கறுப்புப் பணம் சேர்த்தவர்கள் அதைப் போட இடம் தேடினார்கள். சம்பளத்துக்கு இருந்த நட்சத்திரங்களுக்கு மேலே காட்டுவது ஒரு தொகை, கீழே கொடுப்பது ஒரு தொகை என்று ஆசை காட்டி இழுத்தார்கள். ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அன்று பிரிந்த தச்சன் இன்று வரை தினக்கூலி, நட்சத்திரம் கோடி.

சர்க்கார் என்ன செய்தது? கேளிக்கை வரி வாங்கிற்று, தணிக்கை செய்தது. 1949-ல் எஸ்.கே.பாட்டீல் தலைமையில் போட்ட கமிட்டி 1951-ல் அறிக்கை கொடுத்தது: கடன் கொடுக்க ஒரு ஸ்தாபனம் வேண்டும், தொழில் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி வேண்டும் என்று. இரண்டும் வர 1960 ஆயிற்று. பள்ளிக்கூடம் வைக்க இடம் எங்கே கிடைத்தது தெரியுமா? மூடிப்போன அதே பிரபாத் ஸ்டுடியோவில்! இதற்கிடையே கல்கத்தாவில் சத்யஜித் ரே, இன்ஷூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கியும், மனைவியின் நகையை அடகு வைத்தும் "பதேர் பாஞ்சாலி"யை ஆரம்பித்து, நடுவழியில் பணமில்லாமல் நின்றார். "பாதையின் பாட்டு" என்பது பேரின் பொருளாயிருந்ததால், வங்காள சர்க்கார் ரஸ்தா கணக்கில் எழுதிப் பணம் கொடுத்தது. 1955-ல் படம் வெளிவந்து உலகமெல்லாம் பேர் வாங்கிற்று. 1913-லும் நகை அடகு. 1955-லும் நகை அடகு! கலை என்று நாட்டுக்கே பெருமை வந்ததெல்லாம் பெண்பிள்ளைகள் கழுத்திலிருந்து கழன்றதுதான்.

வங்கிக்காரன் சினிமாவைத் தொழில் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆகவே சேட்டிடமும் பைனான்சியரிடமும் மூன்று வட்டிக்கும் அதற்கு மேலும் வாங்கிப் படம் எடுத்தார்கள். மூன்று வட்டிக்கு வாங்கினவன் புதிதாக ஒரு விஷயத்தைச் சொல்லத் துணிவானா? போன வருஷம் ஓடிய கதையைத்தான் இந்த வருஷமும் எடுப்பான். "ஜனங்கள் கேட்கிறார்கள், கொடுக்கிறோம்" என்று முதலாளிகள் சொல்லுகிறார்களே, அதில் பாதி பொய். வட்டிக்காரன் கேட்கிறான், கொடுக்கிறார்கள் என்பதே மெய். 1998-ல்தான், அதாவது அரிச்சந்திரன் வந்து 85 வருஷம் கழித்து, மத்திய சர்க்கார் சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுப்பதாக அறிவித்தது.

கடைசியாக ஒன்று. மௌனப்படக் காலத்தில் இந்தியாவில் எடுத்த படங்கள் ஏறக்குறைய 1,300. அவற்றில் துண்டும் துணுக்குமாகச் சேர்த்தும் இன்று மிஞ்சியிருப்பவை முப்பது அளவுதான். "ஆலம் ஆரா" இல்லை. "காளிதாஸ்" இல்லை. "விகதகுமாரன்" இல்லை. பழைய சுருள் சீக்கிரம் தீப்பற்றும். பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. தீ தின்றது போக மீதியை மனிதன் தின்றான். ஓடி முடிந்த படத்தைச் சுரண்டினால் வெள்ளி கிடைக்கும் என்று எடைக்கு விற்றார்கள். புனாவில் 1964-ல் படக் காப்பகம் ஏற்பட்ட பிறகு பி.கே.நாயர் என்பவர் ஊர் ஊராக அலைந்து கிடைத்ததைச் சேர்த்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் போய்விட்டது. 2003-ல் அதே புனாவில் சுருள் வைத்திருந்த அறை தீப்பிடித்து மீண்டும் பல படங்கள் சாம்பலாயின.

ஆதலால் இங்கே வந்திருக்கிற தோழர்களை ஒரு காரியம் கேட்டுக்கொள்ளுகின்றோம். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், பழைய போட்டோ, டூரிங் கொட்டகை வைத்திருந்த தாத்தாவின் கணக்கு நோட்டு என்று உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடக்கலாம். அதைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். இந்த வாசகசாலையில் அதற்கென்று ஒரு பீரோ ஒதுக்குவதாகக் காரியதரிசி ஒப்புக்கொண்டிருக்கின்றார். கொடுக்கிறவர்கள் எந்த ஊர்க் கொட்டகை, எந்த வருஷம், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். படம் ஓட்டின ஆப்பரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சுவரொட்டி ஒட்டினவர் பேர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

அடுத்துப் பேசவேண்டிய தோழர் காத்திருக்கின்றார். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். நாம் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகின்றோம்.